மதகிலிருந்து மூன்று சங்கிலி

கல்யாண மாப்பிள்ளைக்கு உன் அம்மா எழுதுவது.

இதை உன் போனுக்கே அனுப்பியிருக்கலாம். நீயும் பார்த்துவிட்டு, பார்த்ததற்கு அடையாளமாக ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போயிருப்பாய். அதனால்தான் ஊர் படிக்கும்படி எழுதுகிறேன். நீ வரைந்த வரைபடம் பெரட்டுக் களத்துப் பலகையில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வருகிற அத்தனை பேரும் பார்க்கும்படி ஒட்டியிருக்கிறது. மகன் ஊரறியச் செய்த காரியத்துக்கு அம்மா காதோடு காதாகப் பதில் சொன்னால் அது நியாயம் இல்லை. உன் அப்பா வேண்டாமென்றார். கல்யாணம் முடியட்டும், மருமகள் வீட்டுக்கு வரட்டும், அப்புறம் ஆறுதலாக உட்கார்ந்து பேசலாம் என்றார். அவர் நல்ல மனுஷன். இத்தனை காலம் இந்த மலைப் பாதையில் பஸ் ஓட்டி, எதிரே வருகிற எல்லா வண்டிக்கும் ஒதுங்கிக் கொடுத்தே பழகிவிட்டவர். எனக்கு ஒதுங்கத் தெரியாது, உனக்கே தெரியும்.

வெளியாட்கள் படித்தாலும் விளங்க வேண்டுமென்பதற்காக விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அதில் பணிய லயம் என்று ஒரு கீழ் லயம், ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். கடைசிக் காம்பராவில்தான் நான் பிறந்தேன். நான் படித்து, கணக்கு டீச்சராகி, தலவாக்கலை டவுனுக்கு வீடு மாறி வந்துவிட்டேன். என் தங்கச்சி, உன் சித்தி, இன்னும் அதே காம்பராவில் இருந்துகொண்டு கொழுந்து எடுக்கிறாள். ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு இப்போதுதான் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம், அதில் ஒரு தனி வீடு என்று பேச்சு வந்து, லயத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய மரக்கறித் தோட்டத்தை அதற்கென்று ஒதுக்கினார்கள். அந்த இடம் முக்கோணம். ஒரு மூலை கவ்வாத்துச்சாமி கல், தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் தேங்காய் உடைத்துக் கும்பிடுகிற கல். இன்னொரு மூலை ரோட்டு மதகு. மூன்றாவது மூலையில், சாமி கல்லடியிலிருந்து நேராகப் போகிற பெரிய கானின், மழைத்தண்ணி ஓடுகிற வாய்க்காலின், கரையில் ஒரு எல்லைக் கல் இருந்தது. நீ சின்னப் பையனாக இருந்தபோது வந்த மண்சரிவில் அது போய்விட்டது. பழைய அளவுகள் மட்டும் மிச்சம். சாமி கல்லிலிருந்து மதகுக்கு ஐந்து சங்கிலி. சாமி கல்லில் நின்று பார்த்தால் மதகுக்கும் கானுக்கும் நடுவே முப்பது பாகை. மதகிலிருந்து தொலைந்துபோன கல்லுக்கு மூன்று சங்கிலி. ஒரு சங்கிலி என்பது அறுபத்தாறு அடி. இவ்வளவுதான் தெரிந்தது. இதை வைத்து மூன்றாவது மூலையைக் கண்டுபிடிக்க நிர்வாகம் ஒரு சர்வேயரை அமர்த்தியது. அந்தச் சர்வேயர் என் மகன்.

செய்தி வந்த அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் தெரியுமா? ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். பணிய லயத்து நிலத்தைப் பணிய லயத்தில் தவழ்ந்த பிள்ளையே அளக்கப் போகிறான் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ அளந்தாய். ஐம்பத்து மூன்று பேர்ச்சஸ் என்று வரைந்து கொடுத்தாய். பாதை போகக் கணக்குப் பார்த்தால் ஆறு வீடு. முதல் ஆறு காம்பராவுக்கு அங்கே நிலம், மற்ற ஆறு காம்பராவுக்கு வேறு இடம் பார்க்கப்படும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பார்க்கப்படும் என்ற சொல்லுக்கு இந்த மலையில் என்ன அர்த்தம் என்பது உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ விட்ட பகுதியில் மரக் குடில்கள் கட்டப்போகிறார்களாம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கிப் பனிமூட்டத்தைப் படம் பிடிப்பதற்கு.

நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். ஏழாம் காம்பராவுக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார், டீச்சரம்மா, பிள்ளை அளந்தது சரிதானா, எங்க அப்பன் காலத்துல தோட்டம் இன்னும் தூரம் இருந்துச்சே என்று. அவருக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் மகன் போட்ட கணக்கு தப்பாது என்றேன். முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அந்த மனுஷனை ரோட்டில் பார்த்தால் நான்தான் குனிந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆனால் அவரை விடவும் என்னைக் கொன்றவள் உன் சித்தி. அடுப்படியில் எனக்குச் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டே, ஒரு கோபமும் இல்லாமல் சொன்னாள்:

"கணக்குல அப்படி வந்துருச்சுன்னா தம்பி என்னக்கா செய்வான்? கணக்கு பொய் சொல்லாதுல்ல. அவன் வேணும்னேவா செஞ்சிருப்பான்? நாம வளத்த புள்ள."

நாம் வளர்த்த பிள்ளை என்று என் மனம் கோணாமல் இருக்கத்தான் சொன்னாள். வளர்த்தவள் அவள். நாம் இன்னும் லயத்தில் இருந்த காலம் அது, நான் விடிந்ததும் பஸ் பிடித்து, அப்போது எனக்கு வேலை கிடைத்திருந்த டயகம பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். உன்னைத் துண்டில் சுற்றி, பெரட்டுக்குப் போகும் வழியில், அந்த மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் இருந்த பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவது அவள்தான். தேநீர் இடைவேளைக்கு மற்றவர்கள் உட்காரும்போது அவள் மலையிலிருந்து இறங்கி ஓடி வந்து உனக்கு ஊட்டிவிட்டுப் போவாள். காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு ஓடி வருவாள் என்று ஆயா சொல்லுவார். பின்னால் கட்டிடம் இடிந்துபோய், இப்போது பிள்ளைக்காம்பராவில் மிச்சம் இருப்பது வாசலில் கிடந்த சிமெந்துப் படி ஒன்றுதான், மானாப்புல்லுக்குள் கிடக்கிறது. உன் வரைபடத்தில் அந்தப் படி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். எல்லைக்கு வெளியே இருக்கிறது. நீ சோறு தின்ற படியை வெளியே தள்ளிக் கோடு போட்டிருக்கிறாய் மகனே.

அந்தப் படியைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. உனக்குப் போன் எடுத்தேன். நீ சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை.

"அம்மா, நான் என்ன செய்யிறது, கல்குலேட்டர் தந்த விடையத்தான் போட்டேன். அதுல ஒரு விடைதான் வந்துச்சு."

சரி, பிள்ளைக்குக் கவனம் தப்பியிருக்கும் என்று நினைத்தேன். என் வயிறு அப்படித்தான் நினைத்தது. போனை வைத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன். இது என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் விழுந்து எழும்புகிற குழிதான். இரண்டு பக்கமும், அந்த இரண்டுக்கும் நடுவில் இல்லாத ஒரு கோணமும் தந்தால் எத்தனை முக்கோணம் அமையும் என்று கேட்பேன். ஒன்று என்று எல்லோரும் கத்துவார்கள். மதகிலிருந்து ஒரு கயிற்றை வீசினால் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கயிறு குட்டையாக இருந்தால் எதிர்க்கோட்டை எட்டவே எட்டாது, முக்கோணமே இல்லை. சரியாக எட்டும் நீளம் இருந்தால் ஒரே இடத்தில் தொடும். அதைவிடக் கொஞ்சம் நீளமாகவும், ஆனால் முதல் பக்கத்தைவிடக் குட்டையாகவும் இருந்தால் இரண்டு இடத்தில் தொடும், இரண்டு முக்கோணம். நம் நிலத்தில் எட்டுவதற்கு இரண்டரைச் சங்கிலி போதும். இருப்பது மூன்று. முதல் பக்கம், சாமி கல்லிலிருந்து மதகுக்கு, ஐந்து. இரண்டு முக்கோணம் அமையும் என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணத்தை நானே கூட ஆக்க முடியாது. ஒன்று ஐம்பத்து மூன்று பேர்ச்சஸ். மற்றது கிட்டத்தட்ட நூற்றிருபது. பெரியதில் பன்னிரண்டு குடும்பத்துக்கும் வீடு வைத்து, பாதை, கான் எல்லாம் போட்டாலும் இடம் மிஞ்சும்.

இதுவரை எனக்குக் கவலைதான், கோபம் இல்லை. கோபம் வந்தது கடைசி வரியில். மூன்றாவது மூலையின் கோணத்துக்குக் கல்குலேட்டரில் பொத்தானை அமுக்கினேன். ஐம்பத்தாறு பாகை சொச்சம் என்று வந்தது. திரும்பவும் அமுக்கினேன், அதேதான். கல்குலேட்டர் எப்போதும் கூர்ங்கோணத்தைத்தான் காட்டும், விரிகோணத்தைத் தானாகக் காட்டவே காட்டாது. அந்தக் கூர்ங்கோணம் தருவது எந்த முக்கோணம்? பெரிய முக்கோணம். நூற்றிருபது பேர்ச்சஸ். விளங்குகிறதா? யோசிக்காமல், அவசரத்தில், தூக்கக் கலக்கத்தில் கணக்குப் போட்டவனுக்கு முழு நிலமும் வந்திருக்கும். மடையன் ஒருவன் அளந்திருந்தால் என் தங்கச்சிக்கு வீடு கிடைத்திருக்கும். உன் வரைபடத்தில் இருப்பது நூற்று இருபத்து நான்கு பாகை. அது வர வேண்டுமென்றால் கல்குலேட்டர் தந்த விடையை எடுத்து, நூற்றெண்பதிலிருந்து கழித்து, இன்னொரு முக்கோணமும் உண்டு என்று தெரிந்து, முதலாவதைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதை எழுதியிருக்க வேண்டும். கவனம் தப்பவில்லை. கவனமாகச் செய்திருக்கிறாய். செய்துவிட்டு, கணக்கு டீச்சரிடம் கல்குலேட்டர் மேல் பழியைப் போடுகிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவன்கூடச் சோறு ஆக்கினவளிடம் மறைக்க மாட்டான்.

தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ ஓ.எல். எழுத இருந்த வருடம், ஒரு மழை நாளில், கவராயத்தை மேசையில் எறிந்துவிட்டு, கேள்வி பிழை, இரண்டு முக்கோணம் வருகிறது என்று சண்டைக்கு வந்தவன் நீ. கேள்வி சரி, இரண்டையும் வரை என்றேன். ஒரு கேள்விக்கு எப்படி இரண்டு விடை இருக்கும் என்று சாப்பிடாமல் முரண்டு பிடித்தாய். பிறகு நீயே கயிற்றை எடுத்துக்கொண்டு போய், வாசலில் ஆணி அடித்துச் சுற்றிப் பார்த்து, வந்து இரண்டையும் வரைந்தாய். பெரிய முக்கோணத்துக்குள் சின்னது அடங்கியிருப்பதைப் பென்சிலால் நிழல் போட்டுக் காட்டினாய். அன்றைக்கு என் வாழ்க்கையில் நான் பட்ட பெருமை கொஞ்சமல்ல. அதே படத்தில் நிழல் போட்ட துண்டை மட்டும் வெட்டி எடுத்துத்தான் இப்போது தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கொடுத்திருக்கிறாய்.

ஏன் கொடுத்தாய் என்பதும் எனக்குத் தெரியும். இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் பக்கத்துத் தோட்டங்களின் அளவு வேலையும் உனக்கே என்று துரை சொன்னதை, முன்பு நீயே சந்தோஷமாக என்னிடம் சொன்னாய். நல்லபடியாக என்றால் என்ன என்று நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், நீ உழைத்துப் பெரியவனாவதில் எனக்குப் பொறாமையா? கட்சிக்காரன் சொல்லி ஏமாற்றியிருந்தால் ஜனங்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள். துரை சொல்லியிருந்தால் வேலைநிறுத்தம் செய்திருப்பார்கள். நீ கணக்கு என்று சொன்னாய், கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த மரியாதையை இந்த மலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி. வேறு எதிலாவது ஏமாற்றியிருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது எனக்கு. என் பிழைப்பை வைத்தே என் தங்கச்சியின் வாயை அடைத்துவிட்டாய், பாவி.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்த நிலத்துக்குப் போனோம். எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்கிற உன் அப்பாதான் லயத்தில் விறகு கட்டுகிற கயிறுகளை இரவல் வாங்கி, மூன்று சங்கிலி நீளத்துக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். சரிவில் கயிறு தொய்யும், புல்லில் மாட்டும், சர்வேயர் ஐயா பார்த்தால் சிரிப்பாய். சிரித்துக்கொள். ஒரு நுனியைச் சித்தி மதகில் பிடித்துக்கொண்டாள். மறு நுனியை நான் பிடித்துக்கொண்டு சாமி கல் பக்கமாக இருந்து கானின் கரையை நோக்கி நடந்தேன். முதலில் கயிறு கரைக்கு எட்டவில்லை. கொஞ்சம் போனதும் விறைத்துக்கொண்டு கரையைத் தொட்டது. அது நீ கல் வைத்த இடம், புதுச் சிமெந்துக் கல் பளபளவென்று நிற்கிறது. நான் நிற்கவில்லை, கரையோடு நடந்தேன். கயிறு தளர்ந்தது, தரையில் கிடந்தது, பிறகு மெல்ல மெல்ல இறுகியது. சிமெந்துப் படியையும் தாண்டி, பிள்ளைக்காம்பரா இருந்த இடத்துக்குப் பின்னால் போனதும் மறுபடியும் விறைத்து நின்றது. அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை. பன்னிரண்டு காம்பராவிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். சித்தி கயிற்றை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு என்னிடம் நடந்து வந்தாள்.

"ரெண்டு எடத்துல தொடுதே அக்கா."

ஆமாம் என்றேன்.

"தம்பிக்கு இது தெரியுமா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். அழுதிருந்தால், உன்னைத் திட்டியிருந்தால், நான் உனக்காகப் பரிந்து ஏதாவது பேசியிருப்பேன். அவள் கயிற்றைத்தான் சுருட்டினாள், முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, யார் யார் கயிறோ அவரவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெரிய முக்கோணத்தைப் போடு என்று நான் உன்னிடம் கெஞ்சுவதாக நினைக்காதே. கல் எங்கே இருந்தது என்று நானும் சத்தியம் பண்ண மாட்டேன். இந்த அளவுகளுக்கு இரண்டு முக்கோணம் அமையும், எது சரி என்பதற்கு இன்னொரு சாட்சி வேண்டும் என்று இரண்டையும் வரைந்து கையெழுத்துப் போடு. அவ்வளவுதான் நான் கேட்பது. பிறகு ஏழாம் காம்பராவுக்காரர் பேசட்டும், துரை பேசட்டும், அந்தச் சிமெந்துப் படியும் பேசட்டும். கணக்கு முடிவு சொல்லாத இடத்தில் நீ முடிவு சொல்லிவிட்டு, கணக்கு சொன்னது என்றாய். துரை வேலை தர மாட்டார் என்றால் தராமல் போகட்டும். உனக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது, அளக்க ஆயிரம் மலை இருக்கிறது. இதைப் புதுசாக வரப்போகிற பெண்ணுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டு உண்மை இருக்கும்போது தனக்குத் தோதானதை மட்டும் காட்டி, இதுதான் இருக்கிறது என்று சொல்லப் பழகியவன் அந்தப் பழக்கத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வரமாட்டான். நாளைக்கு அவளிடமும் அதைத்தான் செய்வாய். அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டே வரட்டும்.

இனிக் கல்யாண விஷயம். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. ஆனால் லயத்தில் பத்திரிகையை நீட்டிவிட்டு வந்தால் அது அழைப்பு ஆகாது, உனக்கும் தெரியும். வெற்றிலை பாக்குத் தட்டோடு முதல் காம்பராவில் தொடங்கிக் கடைசிக் காம்பரா வரை ஒவ்வொரு வாசலிலும் நின்று அழைக்க வேண்டும், அவர்கள் வெற்றிலையை எடுக்க வேண்டும். மூன்று தடவை தட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். முதல் ஆறு வாசலில் நிலம் கொடுத்தவனின் அம்மா, அடுத்த ஆறு வாசலில் நிலம் பறித்தவனின் அம்மா. எந்த முகத்தோடு நீட்டுவேன்? ஏழாம் காம்பராவுக்காரர் எடுக்காமல் கதவைச் சாத்தினாலும் தாங்கிக்கொள்வேன். சித்தி எடுப்பாள். ஒன்றுமே நடக்காதது மாதிரி கையைத் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே எடுப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அதனால் நான் போகவில்லை. தட்டு சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிறது, நீயே வந்து எடு. முதலில் பெரட்டுக் களத்துப் பலகைக்குப் போய் இரண்டு முக்கோணத்தையும் ஒட்டு. பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போ. இந்த ஒரு தடவை வழக்கத்தை மாற்றி, முதல் காம்பராவில் தொடங்காமல் கடைசிக் காம்பராவில் தொடங்கு. சித்தி வெற்றிலையை எடுக்கும்போது தலையைக் குனியாமல் அவள் முகத்தைப் பார். உன்னால் பார்க்க முடிந்தால் எனக்குச் சொல்லி அனுப்பு, புடவை மாற்றிக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறேன்.

உன் அம்மா